அப்பாவோட அஞ்சு காடு

எங்கப்பா சென்னை மாநகர பஸ் டிரைவர். 31 வருஷம் ஓட்டிட்டு போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாரு. அதுல பாதிக்கு மேல சர்தார் பட்டேல் ரோடு வழியா போற ரூட்டுதான், காந்தி மண்டபம் ஸ்டாப்புல ஆளை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, ஒரு நாளைக்கு ஆறு தடவ எட்டு தடவ அந்த காம்பவுண்டு செவுத்த ஒட்டியே போயிருக்காரு. செவுத்துக்கு அந்தாண்ட கிண்டி தேசிய பூங்கா. ஒரு நாள் கூட உள்ள போனதில்ல. நானும்தான், சைதாப்பேட்டையில பொறந்து வளந்தவ, ஸ்கூல்ல பாம்பு பண்ணைக்கு கூட்டிட்டு போனதோட சரி.

நான் சின்ன பொண்ணா இருக்கறப்போ அவர் அடிக்கடி சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு. கடைசி சிங்கிள், அதாவது அன்னிக்கு கடைசி ட்ரிப்பு, அடிச்சிட்டு இருக்காரு, ராத்திரி 11 மணி இருக்கும், ஐஐடி கேட்டு தாண்டினதும் நட்ட நடு ரோட்டுல ஒரு புள்ளிமான். லைட்டு கண்ணுல பட்டதும் அப்படியே நின்னுடுச்சு. அப்பா பஸ்ஸ நிறுத்தி ஹெட்லைட்ட அணைச்சுட்டாரு, உள்ள இருக்கறவங்க என்னாச்சுனு சத்தம் போடுறாங்க, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான், இவரு கைய வெளிய நீட்டி உள்ளங்கைய கீழ காட்டி நில்லு நில்லுனு ஆட்டிட்டே இருந்துருக்காரு. கொஞ்ச நேரத்துல அது செவுத்தோரமா போயி எங்கயோ ஒரு சந்துல பூந்துடுச்சாம். "வெளிச்சத்த பாத்தா அதுக்கு காலு வராதுமா, நாமதான் அணைக்கணும்"னு சொல்லுவாரு.

அந்த மனுஷன ஒரு தடவ அந்த செவுத்துக்கு உள்ள கூட்டிட்டு போகணும்னு தோணுச்சு, அதுலதான் இந்த ட்ரிப்பே ஆரம்பிச்சுது. தமிழ்நாட்டுல சரணாலயம் நிறைய இருக்கு, ஆனா தேசிய பூங்கான்னு அறிவிச்சது அஞ்சுதான். கிண்டி, மன்னார் வளைகுடா, ஆனைமலை, முக்கூர்த்தி, முதுமலை. கிண்டியில ஆரம்பிச்சா மீதி நாலையும் ஒரே ரவுண்டுல முடிச்சுட்டு வந்துடலாம்னு மேப்ப பாத்ததும் தெரிஞ்சுது. பொங்கல் லீவோட லீவு சேத்து போட்டு பத்து நாள், நான் வண்டி ஓட்ட, அப்பா பக்கத்து சீட்டு, அம்மா பின்னாடி புளிசாதம், எலுமிச்சை சாதம், தண்ணி கேனு, கம்பளி எல்லாத்துக்கும் நடுவுல.

கிண்டிக்கு உள்காட்டுக்கு போக முன்னாடியே அனுமதி வாங்கணும், வாங்கி வச்சிருந்தேன். காலையில ஆறரைக்கு வனத்துறை கார்டு ஒருத்தர் கூட வந்தாரு. மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டுலயே ரொம்ப சின்ன தேசிய பூங்காக்கள்ல ஒண்ணு, 1978ல அறிவிச்சது. ராஜ் பவன், ஐஐடி எல்லாமே ஒரு காலத்துல இதே காடுதான். களாவும் காட்டு எலுமிச்சையும் பின்னி கெடக்கற புதர் காடு, சோழமண்டல கரையோரம் முழுக்க ஒரு காலத்துல இருந்த காடு இது, இப்போ அங்கங்க துண்டு துண்டாதான் மிச்சம். நடந்து போயிட்டே இருக்கோம், ரோட்டு சத்தம் கேட்டுட்டேதான் இருக்கு, திடீர்னு ஒரு திறந்த புல்வெளி, அங்க ஒரு ஆண் வெளிமான் நிக்குது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கண்ண சுத்தி மை மாதிரி இல்ல, சுண்ணாம்பு வளையம் போட்ட மாதிரி வெள்ளை. கொம்பு திருகாணி மாதிரி முறுக்கிக்கிட்டு மேல போகுது. எங்கள பாத்துச்சு, ஓடல.

அப்பா காதுகிட்ட வந்து, "வெளிமான்னு ஏன் பேரு வச்சான் பாத்தியா, அதுக்கு வெளி வேணும், இந்த மாதிரி திறந்த எடம்"னு மெதுவா சொன்னாரு. கார்டும் அதைத்தான் சொன்னாரு, புள்ளிமானுக்கு புதரும் நிழலும் போதும், வெளிமான் அப்படி இல்ல, புல்வெளி மூடி மரம் வளர வளர அதுக்கு எடம் குறைஞ்சுட்டே போகுமாம். ஆண் மான் தன் எல்லைய காட்ட ஒரே எடத்துல திரும்ப திரும்ப புழுக்கை போடும், அந்த குவியல காமிச்சாரு. நம்ம ஊர்ல வேலி போடுற மாதிரிதான் அது. சுத்தி இவ்ளோ பெரிய சென்னைய வச்சுக்கிட்டு அந்த சின்ன திடல்ல அது எல்லை போட்டு வச்சிருக்கறத பாத்து எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. அப்பா வெளிய வந்து ரொம்ப நேரம் பேசல. அப்புறம் செவுத்த பாத்து, "இந்தாண்டையே இருந்துட்டேன் பாரு 31 வருஷம்"னாரு.

அங்கிருந்து நேரா ஈசிஆர். சிதம்பரத்துல தங்கி அடுத்த நாள் விடிஞ்சதும் பிச்சாவரம் அலையாத்தி காடு. தேசிய பூங்கா இல்லதான், ஆனா வழியில இருக்கறத விட மனசு வரல. மோட்டார் போட் வேணாம், துடுப்பு போட்டுதான் வேணும்னு அப்பா சொல்லிட்டாரு, அதுதான் சரியான முடிவு, ஏன்னா குறுகலான வாய்க்காலுக்குள்ள போறப்போ தண்ணி சொட்டுற சத்தம் வரைக்கும் கேக்குது. சுரபுன்னை மரத்தோட வேரு மேல இருந்து வளைஞ்சு வந்து சேத்துல ஊனி நிக்குது, பத்து பதினஞ்சு கால் இருக்கற மாதிரி. அதோட விதை மரத்துலயே முளைச்சுடும், முருங்கைக்காய் மாதிரி நீளமா தொங்கும், விழுந்தா நேரா சேத்துல குத்தி நின்னு வளந்துடும். போட்காரர் வெண்கண்டல் இலை ஒண்ண பறிச்சு அடிப்பக்கத்த நாக்குல வச்சு பாருங்கனு குடுத்தாரு. உப்பு. மரம் குடிச்ச உப்பு தண்ணியில இருந்து உப்ப மட்டும் இலை வழியா வெளிய தள்ளிடுது. அம்மா ரெண்டு தடவ நக்கி பாத்துட்டு, "இவ்ளோ நாள் இது தெரியாம போச்சே"னாங்க. இன்னொரு மரத்த மட்டும் தொடவே விடல, தில்லை மரம், பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்னு சொன்னாரு. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்துனாலதான். 2004 சுனாமியப்போ இந்த அலையாத்தி காட்டுக்கு பின்னாடி இருந்த கிராமங்கள்ல பாதிப்பு குறைவா இருந்துச்சு, அத சொல்றப்போ அவர் துடுப்ப நிறுத்திட்டு சொன்னாரு.

கோடியக்கரையில ஒரு காலை மட்டும்தான். பூநாரை தூரத்துல ரோஸ் கோடு மாதிரி தெரிஞ்சுது. ஆனா அங்க போனதுக்கு காரணம் வெளிமான், 1967ல இந்த சரணாலயத்த ஆரம்பிச்சதே அதுக்காகத்தான். கிண்டியில ஒண்ணு நின்னு பாத்துச்சு, இங்க கூட்டமா ஓடுது. ஓட்டம்னு சொல்ல முடியாது, நாலு காலையும் ஒண்ணா எடுத்து காத்துல எம்பி எம்பி போகுது. அப்பா கார் கதவ புடிச்சுக்கிட்டு நின்னவரு, "இதுக்குத்தான் வெளி வேணும்னேன்"னு மட்டும் சொன்னாரு. கிண்டி மான் இப்படி ஓடி நாங்க பாக்கல, அதுக்கு அவ்ளோ தூரம் இல்ல.

அதுக்கப்புறம் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, தொண்டினு கடலோரமாவே நாள் முழுக்க. டீக்கு நிறுத்தின எடத்துல ஒரு வயசான மீனவர் ஆவுளியா பத்தி பேச ஆரம்பிச்சாரு. கடல் பசுன்னு நாம புக்குல படிச்சது, அவங்களுக்கு ஆவுளியா. கடலுக்கு அடியில புல் மேயுது, நிஜமாவே புல்லு, ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல. பாக் விரிகுடாவுல இதுக்குன்னே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022ல அறிவிச்சாங்க, நாட்டுலயே முதல். முன்னாடி வலையில மாட்டினா கறிதானாம், இப்போ வலைய அறுத்தாவது விட்டுடுவோம், வலைக்கு நஷ்டஈடு வந்தாலும் வரலனாலும்னு அந்த பெரியவர் சொன்னாரு. அவருக்கு ஒரு வலை என்ன விலைனு நினைச்சு பாத்தா அந்த வார்த்தையோட கனம் புரியும்.

மன்னார் வளைகுடாதான் அஞ்சுலயும் வேற மாதிரி. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986ல கடல்சார் தேசிய பூங்காவா அறிவிச்சது. பாம்பன் தாண்டி குந்துகால்ல இருந்து வனத்துறை போட்ல குருசடை தீவுக்கு போனோம். அந்த 21ல ரெண்டு தீவு இப்போ தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஒரு காலத்துல பவளப்பாறைய வெட்டி வெட்டி சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்துட்டு போயிருக்காங்க, அலைய தடுக்கற பாறை போனா தீவு கரைஞ்சுதான போகும். கரையில செத்த பவளத்துண்டு கெடந்துச்சு, அம்மா எடுத்து உள்ளங்கையில வச்சாங்க. பக்கத்துல பாத்தா மேல பூரா சின்ன சின்ன நட்சத்திரம், கோலப்புள்ளி வச்ச மாதிரி வரிசையா. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு உயிர் இருந்த வீடுன்னு கூட வந்தவர் சொன்னதும் அம்மா சத்தமில்லாம இருந்த எடத்துலயே வச்சுட்டாங்க. (செத்ததா இருந்தாலும் எடுக்க கூடாது, சட்டப்படி புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு பவளத்துக்கும்.) 2010லயும் 2016லயும் கடல் தண்ணி சூடாகி நிறைய பவளம் வெளுத்து போயிருக்கு. சாயங்காலம் தனுஷ்கோடியில 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சு செவுத்த பாத்தோம், அதுலயும் அதே நட்சத்திரம். பவளக்கல்ல வச்சு கட்டின செவுரு.

அடுத்த நாள் பூரா ரோடு, மதுரை, பழனி, பொள்ளாச்சி. சொல்ல ஒண்ணும் இல்ல, ஒட்டன்சத்திரம் பக்கம் நல்ல சாப்பாடு.

ஆழியார் தாண்டி வால்பாறை ஏறினா 40 கொண்டை ஊசி வளைவு. அப்பா வாழ்நாள் பூரா சமதளத்துல ஓட்டினவரு, ஆனா மலை ரோட்டுக்கு உண்டான பாடம் எல்லாம் வாய்ல இருக்கு. ஏறுற வண்டிக்கு வழி விடு, ஏறுன கியர்லயே இறங்கு, வளைவுல எதிர்ல வர்றவன் சக்கரத்த பாரு மூஞ்சிய பாக்காத. ஒம்பதாவது வளைவுல நிறுத்தினோம், கீழ ஆழியார் அணை தட்டு மாதிரி தெரியுது, தடுப்பு செவுத்துக்கு அந்தாண்ட பாறையில வரையாடு நாலு. நம்ம மாநில விலங்கு. குட்டி ஒண்ணு செங்குத்தா இருக்கற பாறையில, நாம கைய கூட வைக்க முடியாத எடத்துல, நின்னுக்கிட்டு அசை போடுது. குளம்ப உத்து பாத்தேன், ரெண்டா விரிஞ்சு பாறைய கவ்வி புடிச்சிருக்கு.

மேல புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு. முழுக்க கருப்பு உடம்பு, மூஞ்ச சுத்தி பிடரி மாதிரி வெள்ளை முடி, வால் நுனியில சிங்கத்துக்கு இருக்கற மாதிரி குஞ்சம். இது மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, தரைக்கு இறங்காம மரத்துக்கு மரம் போற ஜாதி, ஆனா டீ எஸ்டேட்டும் ரோடும் காட்ட வெட்டி வெட்டி துண்டாக்கினதுல ரோட்டுல நடந்து கடக்குது, அடிபட்டு சாகுது. அதுக்காக ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டி விட்டுருக்காங்க. ஒரு அம்மா குரங்கு வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்கற குட்டியோட அந்த பாலத்துல போறத கீழ நின்னு பாத்தோம். அப்பா வண்டிய விட்டு இறங்கி போற வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டிட்டே இருந்தாரு, யாரும் அவரை கேக்கல, அவராத்தான்.

டாப்சிலிப் அடுத்த நாள். ஆனைமலை தேசிய பூங்காவுல (இந்திரா காந்தி தேசிய பூங்கான்னும் அதுக்கு பேரு) ஜனங்க போகக்கூடிய எடம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்துல வெட்டின தேக்க மலை மேல இருந்து சறுக்கி விட்ட எடம்ங்கறதால அந்த பேரு. வெட்டி வெட்டி மொட்டையான மலைய திரும்ப காடாக்கினவர் ஹியூகோ வுட்னு ஒரு வன அதிகாரி, மரத்த வேரோட எடுக்காம கட்டைய விட்டு வெட்டினா அதுல இருந்து திரும்ப துளிர்க்கும்னு அந்த முறைய இங்க கொண்டு வந்தாரு. அவர் சமாதி அங்கயே தேக்கு மரங்களுக்கு நடுவுல இருக்கு. அப்பா செருப்ப கழட்டிட்டுதான் கிட்ட போனாரு.

முக்கூர்த்தி பத்தி ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நம்மள மாதிரி சுற்றுலா போறவங்களுக்கு உள்ள அனுமதி கிடையாது. 78 சதுர கிலோமீட்டர், 1990ல தேசிய பூங்கா ஆச்சு, வரையாட்டுக்காகவே வச்சிருக்கற மலை. அப்படி ஒரு எடம் நம்ம கால் படாம இருக்கறது எனக்கு சந்தோஷம்தான். நாங்க அவலாஞ்சி பக்கம் வனத்துறை வண்டியில போயி அதே மாதிரி சோலையும் புல்வெளியும் பாத்துட்டு வந்தோம். (நீலகிரி போறவங்க இ-பாஸ் எடுத்துட்டு போங்க, 2024 மே மாசத்துல இருந்து கட்டாயம்.) காலையில புல்லு மேல உறைபனி, நடந்தா நொறுங்குது. மேடெல்லாம் புல்லு, ரெண்டு மேடு சேர்ற பள்ளத்துல மட்டும் குட்டை குட்டையா அடர்த்தியா சோலை, ஒவ்வொரு சோலைக்கு அடியில இருந்தும் விரல் தண்டி ஒரு ஓடை. மழை தண்ணிய புல்லு பஞ்சு மாதிரி புடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடுது, அதான் ஜனவரியிலயும் ஓடுது.

அங்க நின்னுதான் ஒரு கணக்கு போட்டு பாத்தேன். முக்கூர்த்தி பக்கம் பொறக்கற பைக்காரா கீழ போயி மாயாறு ஆகுது, மாயாறு பவானிசாகர்ல பவானியில சேருது, பவானி கூடுதுறையில காவிரியில சேருது, காவிரி தண்ணி கொள்ளிடத்துல கீழணைக்கு வந்து வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு போகுது, வீராணத்துல இருந்து குழாய் வழியா 2004ல இருந்து சென்னைக்கு வருது. ரெண்டாவது நாள் நாங்க வீராணம் பக்கத்துலதான் போனோம், தெரியாம. அப்பாகிட்ட சொன்னேன். அவர் அந்த ஓடையில குனிஞ்சு கைய நனைச்சு மூஞ்ச கழுவிட்டு, "அப்போ இதுல கொஞ்சம் நம்ம வீட்டு சம்புக்கு வரும்ங்கற"ன்னாரு. வரும்பா.

கடைசியா முதுமலை. 1940ல சரணாலயம், தென்னிந்தியாவோட பழைய சரணாலயங்கள்ல ஒண்ணு, 321 சதுர கிலோமீட்டர், 2007ல இருந்து புலிகள் காப்பகம். கூடலூர் வழியா இறங்கி தெப்பக்காடு போயி மசினகுடியில ரூம் எடுத்தோம். அங்கதான் மனசு கசந்தது. தங்கின எடத்துல சாவிய குடுக்கறப்பவே, ராத்திரி ஜீப்புல கூட்டிட்டு போறோம், டார்ச் அடிச்சு மிருகம் காட்டுறோம், தலைக்கு இவ்ளோனு சொன்னாங்க. அது சட்டப்படி தப்பு, வனத்துறை எல்லா எடத்துலயும் போர்டு வச்சிருக்கு. அப்பாவுக்கு வந்த கோவத்த நான் பாத்ததே இல்ல. "அதோட கண்ணுல லைட்டு அடிக்கறதுக்கு காசா"னு கேட்டுட்டு பைய திரும்ப வண்டியில வைக்க சொல்லிட்டாரு. அன்னிக்கு ராத்திரி மட்டும் வேற எடம் கெடைக்காம அங்கயே தங்கி, விடிஞ்சதும் காலி பண்ணிட்டோம்.

அப்படி விடியக்காலம் கிளம்பினதாலதான் அது கெடச்சுது. மசினகுடிக்கும் தெப்பக்காடுக்கும் நடுவுல ஒரு வளைவு திரும்பினேன், ரோட்டோரம் மூங்கிலுக்குள்ள இருந்து ஒரு பெண் யானை, கூடவே குட்டி, தாயோட வயித்த தொடுற உயரம்தான் இருக்கும். எனக்கு கை நடுங்குது. அப்பா என்னை பாக்கல, யானையவே பாத்துக்கிட்டு, "நிறுத்து. கியர் ரிவர்ஸ்ல இருக்கட்டும். லைட்ட அணை. ஹாரன் பக்கம் கையே போக கூடாது"னு சொல்லிட்டே வந்தாரு, கண்டக்டருக்கு சொல்ற மாதிரி அமைதியான குரல். தாய் யானை ரோட்டுக்கு நடுவுல நின்னு எங்க பக்கம் காத விரிச்சுது. குட்டி அதோட காலுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிச்சு. அப்போ பின்னாடி ஒரு கார் வந்து நின்னு ஹாரன் அடிச்சான். அப்பா ஜன்னல் வழியா கைய நீட்டினாரு. உள்ளங்கை கீழ பாத்து, மேலயும் கீழயும் மெதுவா, நில்லு, நில்லு. நான் அந்த கைய கண்ணாடியில பாத்தேன். பின்னாடிக்காரன் அடங்கிட்டான். இருவது நிமிஷம் இருக்கும், யானை ஒரு மூங்கில் கிளைய ஒடிச்சு தின்னு முடிச்சு, குட்டிய தும்பிக்கையால முன்னாடி தள்ளி, மாயாறு பக்கம் இறங்கி போயிடுச்சு. அம்மா பின்னாடி கந்தசஷ்டி கவசத்துல பாதியில நின்னுட்டாங்க.

மத்தியானம் வனத்துறை வேன் சஃபாரி போனோம், காட்டெருமை, மயிலு, புள்ளிமான் கூட்டம், புலி இல்ல. சாயங்காலம் தெப்பக்காடு முகாம்ல யானைக்கு சாப்பாடு குடுக்கறத பாத்தோம், கேழ்வரகு களி, கொள்ளு, சோறு, வெல்லம் எல்லாம் பிசைஞ்சு பெரிய பெரிய உருண்டையா ஒவ்வொரு யானைக்கும் ஒவ்வொரு கணக்கு. அப்பா மாவுத்தன்கிட்ட ரொம்ப நேரம் பேசினாரு, டூட்டி எத்தன மணி நேரம், வாரத்துக்கு லீவு உண்டா, எல்லாம்.

ராத்திரிக்கு தொரப்பள்ளி பக்கம் வந்து தங்கினோம். சாப்பிட்டு வர்றப்போ அப்பா செக்போஸ்ட்டு பக்கம் போகலாம்னாரு. மைசூர் போற அந்த ரோட்டுல ராத்திரி 9 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் வண்டி போக கூடாது, பந்திப்பூர் பக்கம் 2009ல ஆரம்பிச்ச தடை, ஆம்புலன்சும் ஒரு சில அரசு பஸ்ஸும் மட்டும் விதிவிலக்கு. எட்டே முக்காலுக்கு போயி நின்னோம். லாரியெல்லாம் அவசர அவசரமா உள்ள போச்சு, 9 மணிக்கு கட்டைய இறக்கிட்டாங்க. பின்னாடி வந்த லாரிக்காரர் இன்ஜின அணைச்சுட்டு துண்ட விரிச்சு படுத்துட்டாரு, பழக்கம் போல.

அப்பா கட்டைய புடிச்சுக்கிட்டு இருட்டுல போற அந்த ரோட்ட பாத்துட்டே இருந்தாரு. "31 வருஷத்துல ஒரு ரோட்டுக்கு ராத்திரி லீவு குடுத்து நான் பாத்ததே இல்லமா"ன்னாரு. இன்ஜின் சத்தம் எல்லாம் அடங்கின கொஞ்ச நேரத்துல உள்ள எங்கயோ புள்ளிமான் ஒண்ணு கத்துச்சு. அப்புறம் அதுக்கு பக்கத்துல இன்னொண்ணு. அம்மா குளுருதுனு கூப்பிடுற வரைக்கும் அங்கயே நின்னோம்.